மூக்கினுள் ஒரு குன்றிமணி

மாயாபந்தரில் இரயிலே இல்லை. அங்கே இரயில்வே குமாஸ்தாவுக்கு என்ன வேலை என நேயர்கள் வினவலாம். சென்னையில் பணிபுரியும் நாம், அவ்வூரில் மளிகைக் கடை நடத்தும் எமது தமையனாரைக் காண விடுப்பில் சென்றிருந்தோம். ஏழாண்டுகளுக்குப் பின் நேர்ந்த சந்திப்பு. ஆயினும் முதலிரவே எமது பாயைச் சற்று நகர்த்திப் போட்டுக்கொண்டோம். அவர் மூச்சில் அத்தகைய நாற்றம்! கண்டும் காணாதவர் போல் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

அண்ணியார் கூறியது மேலும் வருத்திற்று. சங்கத்துப் பொங்கல் விருந்தில் அண்ணனுக்குப் பக்கத்து இலை காலியாகவே கிடந்ததாம். வலது நாசியில் மட்டும் அடைப்பு, சீழ், சில வேளை இரத்தம். பீனிசம் என்றனர் சிலர். சளி என்றனர் சிலர். விழுங்கிய மாத்திரைகளுக்குக் கணக்கில்லை.

ரங்கத், பாராதாங் வழியே பேருந்தில் போர்ட் பிளேயருக்கு (2024 முதல் அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம்) அழைத்துச் சென்றோம். ஒரு பக்கத்தில் மட்டும் நாற்றமும் சீழும் இருப்பின், வயது எதுவாயினும் உள்ளே ஏதேனும் சிக்கியிருக்கிறதா, கட்டியா எனப் பார்த்தே தீர வேண்டும் என்றார் மருத்துவர். ஸ்கேன் படத்தில் வெண்மையாய்த் தெரிந்தது ஒரு கல்!

மூக்கில் தங்கிவிட்ட சிறு பொருளின் மேல் கால்சியம், மக்னீசியம் உப்புகள் ஆண்டுக்கணக்கில் படிந்து இவ்வாறு கல்லாகுமாம். செர்ரிக் கொட்டையைச் சுற்றி வளர்ந்த இத்தகைய கல்லை 1654-இலேயே பார்த்தோலின் என்னும் மருத்துவர் எழுதி வைத்துள்ளார்.

தமையனாரோ கத்தி என்றதும் நடுங்கினார். 2017 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில், ஒரு பெண்மணியின் மூக்கினுள் நுழைந்து மண்டையோட்டின் அடிப்பகுதி வரை சென்றிருந்த கரப்பானை உயிரோடு வெளியே எடுத்த செய்தியைச் சொன்னோம். "அது ஓடிற்றா?" என்று கேட்டார். சிரிப்பு வந்ததால் சம்மதமும் வந்தது.

முகத்தில் கீறல் ஏதுமில்லை. கல் தொண்டையில் விழுந்து மூச்சுக்குழலை அடைக்காதபடி, மயக்க மருந்து கொடுத்துத் தொண்டையைக் காத்துக்கொண்டு, நாசி வழியே உள்நோக்குக் குழாயைச் செலுத்திக் கல்லை உடைத்துத் துண்டு துண்டாய் எடுத்தனர். நடுவில் இருந்தது நிறம் மங்கிய ஒரு குன்றிமணி.

அதைக் கண்டதும் எமது கால்கள் தளர்ந்தன. எமக்கு ஆறு வயது, அவருக்கு ஒன்பது. களிமண் பிள்ளையாரின் கண்ணைப் பிடுங்கி, "மூக்கில் போட்டால் காது வழியே வரும்" என்று சொன்னவர் நாமே. உள்ளே போனது வரவில்லை. அடிக்கு அஞ்சி இருவரும் வாய் திறக்கவில்லை. பின்பு மறந்தும் போனோம்.

கண் விழித்ததும் அவரிடம் சொல்லி அழுதோம். பஞ்சு அடைத்த மூக்கோடு அவர் மெல்லக் கூறினார்: "அப்பாவிடம் சொல்லிவிடாதே."

தந்தையார் காலமாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன.