டேங்கரின் இடப்பக்க இருக்கை

லுட்விக்ஸ்ஹாஃபன், ஜெர்மனி

அன்புள்ள தம்பிக்கு,

கடலூரில் ஒரு டேங்கர் லாரியில் நீ கிளீனராகச் சேர்ந்திருப்பதாகச் சித்தி போனில் சொன்னாள். சிப்காட் தொழிற்பேட்டைக்கு ஆசிட் ஏற்றிப் போகிற வண்டி, மற்ற லாரிகளைவிடச் சம்பளம் கொஞ்சம் கூட என்று சொல்லும்போது அவள் குரலில் ஒரு நிம்மதி. என்ன பயிற்சி கொடுத்தார்கள் என்று கேட்டேன். "டிரைவர் அண்ணன் பாத்துக்குவாராம், கூடவே இருந்து பாத்துப் பழகிக்கச் சொன்னாங்களாம்" என்றாள். அந்தப் பதில் என்னை விடவில்லை. அதனால் இந்த மாத மடல் உனக்கு. பத்திரிகையில் வருவதால், உன்னைப் போல இடப்பக்க இருக்கையில் போகிற மற்றவர்களும் அவர்கள் வீட்டாரும் படிக்கட்டும்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேதிப் பொறியியல் படித்துவிட்டு இங்கே வந்தவள் நான். ரைன் நதிக்கரையில், படகிலும் ரயிலிலும் லாரியிலும் வருகிற ரசாயனங்களை ஏற்றி இறக்குகிறவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பது என் வேலை. துருக்கியிலிருந்தும் போலந்திலிருந்தும் ருமேனியாவிலிருந்தும் வந்த பிள்ளைகள் என் வகுப்பில் உட்காருகிறார்கள். அவர்களில் ஒருவனிடம்கூட 'பார்த்துப் பழகிக்கொள்' என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது.

நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 9ஆம் விதி, ஆபத்தான சரக்கு ஏற்றும் வண்டியை ஓட்டுபவர் 3 நாள் பயிற்சி முடித்துச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும் என்கிறது. ஓர் இந்திய மொழியும் ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது. ஏற்றி வருகிற பொருளின் குணம் என்ன, கவிழ்ந்தால் என்ன செய்வது என்பதெல்லாம் பாடத்திட்டத்தில் உண்டு. நல்ல விதி. ஆனால் அது முழுக்க முழுக்க ஓட்டுநருக்கானது. அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவனைப் பற்றி அதில் பேச்சில்லை. ஆலைக்குள் வண்டி நின்றதும் ஏணியில் ஏறி டேங்கின் மேல்மூடியைத் திறப்பது யார்? ஹோஸை இழுத்து மாட்டுவது யார்? இறக்கி முடித்ததும் போல்ட்டைத் தளர்த்துவது யார்? ஸ்டியரிங் பிடித்த கையைவிட அந்தக் கைதான் ஆசிட்டுக்கு அருகில் இருக்கிறது. எனக்குச் சொல்ல இருப்பதெல்லாம் இதுதான்: பயிற்சி அந்தக் கைவரை போக வேண்டும்.

அது உனக்கு முறையாகக் கிடைக்கும்வரை சிலவற்றை நானே சொல்லிவிடுகிறேன். வகுப்பில் நேரில் செய்து பழகுவதற்கு இது ஈடாகாது. ஆனாலும் மனதில் வைத்துக்கொள்.

நீ ஏற்றுவது 98 சதவீதக் கந்தக அமிலம் என்றால், அது தண்ணீரைப் போல ஏறக்குறைய 1.84 மடங்கு கனம். 10,000 லிட்டர் ஏற்றினால் 18 டன்னைத் தாண்டிவிடும். எடைக் கணக்குக்காகப் பெரிய டேங்கைப் பாதி மட்டும் நிரப்பி அனுப்பினால், வளைவில் திரும்பும்போது உள்ளே அத்தனை கனமும் ஒரு பக்கம் சாயும். அரைக்குடம் தண்ணீரை இடுப்பில் வைத்து வேகமாக நடந்தால் குடம் எப்படி இழுக்குமோ, அப்படி லாரியையே இழுக்கும். அதனால்தான் இங்கே, உள்ளே தடுப்புத் தகடு இல்லாத பெரிய டேங்கை 80 சதவீதத்துக்கு மேல் நிரப்ப வேண்டும், இல்லையென்றால் 20 சதவீதத்துக்குக் கீழ் வைக்க வேண்டும் என்று விதி. வண்டி புறப்படும் முன் எவ்வளவு ஏற்றியிருக்கிறது என்று டிரைவர் அண்ணனிடம் கேள். கேட்பதில் மரியாதைக்குறைவு எதுவும் இல்லை.

இன்னொன்று யாரும் சொல்லித் தராமல் தெரியவே தெரியாது. அடர்ந்த கந்தக அமிலம் சாதாரண இரும்பை அவ்வளவாக அரிப்பதில்லை. அதனால்தான் அதை இரும்பு டேங்கில் கொண்டு போகிறார்கள். அதில் தண்ணீர் கலந்து நீர்த்துவிட்டால் இரும்பைத் தின்னத் தொடங்கும், ஹைட்ரஜன் வாயு கிளம்பும். 'காலி டேங்க்தானே, கொஞ்சம் தண்ணி விட்டு அலசு' என்று யாராவது சொல்லி, மூடிக்குப் பக்கத்தில் ஒரு பீடி நெருப்போ வெல்டிங் பொறியோ இருந்தால், அந்தக் காலி டேங்க் வெடிக்கும். காலி டேங்கை நிறைந்த டேங்கைவிட ஆபத்தானதாக நினைத்துக்கொள். அதற்குள் ஒருநாளும் இறங்காதே. உள்ளே ஒருவர் மயங்கி விழுந்து கிடந்தாலும் இறங்காதே, ஆளைக் கூப்பிடு. கழிவுநீர்த் தொட்டியில் முதலில் இறங்கியவரைக் காப்பாற்றப் போனவரும் சேர்ந்து இறந்த செய்திகளை நம் ஊரில் எத்தனை முறை படித்துவிட்டோம்.

ஹோஸைக் கழற்றும்போது உள்ளே அழுத்தம் மிச்சமிருக்கும் என்றே எண்ணு. குழாயை இணைக்கும் ஃபிளாஞ்சுக்கு நேர் எதிரே நிற்காதே. உனக்கு அந்தப் பக்கம் இருக்கிற போல்ட்டை முதலில் தளர்த்து; தெறித்தால் அந்தப் பக்கம் தெறிக்கும். பேண்டை பூட்ஸுக்குள் சொருகாதே, மேலே விட்டுக்கொள். சொருகினால் வழிகிற ஆசிட் காலணிக்குள் தேங்கி நின்று எரிக்கும். வேலை தொடங்கும் முன் தண்ணீர்க் குழாய் எங்கே என்று பார்த்து, திறந்து, தண்ணீர் வருகிறதா என்று உறுதி செய். மேலே பட்டால் துணியைக் கழற்றிவிட்டுக் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடுகிற தண்ணீரில் நில். கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்துக் கழுவு. மஞ்சள், எண்ணெய், சோடா மாவு எதுவும் வேண்டாம்.

ஐரோப்பா இதையெல்லாம் இரவோடு இரவாகக் கற்றுக்கொள்ளவில்லை. 1978 ஜூலை 11 அன்று ஸ்பெயினின் கடற்கரையோரச் சாலையில், அளவுக்கு மீறிப் புரொப்பிலீன் நிரப்பிய டேங்கர் ஒன்று, லாஸ் அல்ஃபாக்கஸ் என்ற விடுமுறைக் கூடார முகாமின் ஓரத்தில் தீப்பிடித்தது. சாலையோரம் குடும்பம் குடும்பமாகத் தங்கியிருந்தவர்களில் 200க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். ஜெர்மனியில் ஹெர்போர்ன் என்ற சிற்றூரில் 1987 ஜூலை 7 அன்று பெட்ரோல் டேங்கர் ஒன்று இறக்கத்தில் கட்டுப்பாட்டை இழந்து ஊர் நடுவே கவிழ்ந்து எரிந்தது. இப்படிப் பட்டுப் பட்டு இறுகிய விதிகள் இவை. 1957இல் ஜெனீவாவில் கையெழுத்தான ஏடிஆர் ஒப்பந்தம்தான் இன்று இங்கே சாலை வழியாகப் போகும் ஆபத்தான சரக்குக்கு அடிப்படை. ஓட்டுநருக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை மறுபயிற்சியும் தேர்வும் உண்டு. அதைவிட நான் பெரிதாக மதிக்கிற விஷயம் வேறு. ஏற்றுபவர், இறக்குபவர், நிரப்புபவர், கட்டுபவர் என்று அந்தச் சரக்கோடு சம்பந்தப்பட்ட ஒவ்வொருவருக்கும் அவரவர் வேலைக்கு ஏற்ற பயிற்சி கொடுத்திருக்க வேண்டும். கொடுத்ததற்குப் பதிவேடு இருக்க வேண்டும். வண்டியில் வைக்கிற அவசரக் குறிப்புத்தாள், வண்டியில் இருப்பவர்கள் படித்துப் புரிந்துகொள்ளும் மொழியில் இருக்க வேண்டும். என் வகுப்பில் ருமேனியப் பிள்ளைக்கு ருமேனிய மொழியில்தான் அந்தத் தாள் கொடுக்கிறோம்.

உன் வண்டியின் பின்புறத்தையும் இரண்டு பக்கத்தையும் பார். சரக்கின் பெயர், அதன் வகையைக் காட்டும் சாய்சதுரச் சின்னம், அவசரத் தொலைபேசி எண்கள் எழுதிய பலகை இருக்க வேண்டும்; இது நம் சட்டமே சொல்வது. ஐ.நா. எண் 1830 என்றிருந்தால் கந்தக அமிலம், 1203 பெட்ரோல், 1017 குளோரின். இங்கே 1982இலிருந்து ரசாயன நிறுவனங்கள் சேர்ந்து 'டுயிஸ்' என்று ஓர் உதவி அமைப்பு நடத்துகின்றன. யாருடைய சரக்காக இருந்தாலும் சரி, நடு இரவில் ஒரு கிராமத்துத் தீயணைப்பு வீரர் அந்த எண்ணைச் சொல்லி அழைத்தால், அந்தப் பொருளைத் தினமும் கையாளுகிற ஆள் மறுமுனையில் பேசுவார். தேவைப்பட்டால் தங்கள் ஆலையின் தீயணைப்பு வண்டியையே அனுப்புவார்கள். சிப்காட்டில் இத்தனை ஆலைகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அவை சேர்ந்து, கடலூரிலிருந்து சிதம்பரம்வரை உள்ள சாலைக்கு இப்படி ஒரு தமிழ் பேசும் எண்ணை வைத்தால் என்ன?

அந்தச் சாலை உனக்கு மனப்பாடம். முதுநகர் தாண்டியதும் பச்சையாங்குப்பம், குடிகாடு, காரைக்காடு, செம்மங்குப்பம், பூண்டியாங்குப்பம், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பு.முட்லூர், வெள்ளாற்றுப் பாலம், சிதம்பரம். இப்போது நான்கு வழியாகிவிட்டது, வேகமும் கூடியிருக்கிறது. ஒரு பக்கம் ஆலைகள், அதற்குப் பின்னால் உப்பனாறு, அதற்கும் அப்பால் மீனவர் குப்பங்கள். நம் மாவட்டத்துக்கு இந்த ஆபத்து புதிதல்ல. 2021 மே 13 அன்று குடிகாட்டில் ஒரு பூச்சிமருந்து ஆலையில் நடந்த வெடிப்பில் 4 பேர் இறந்தார்கள். 2025 மே மாதம் அதே குடிகாட்டில் சாயக்கழிவுத் தொட்டி உடைந்து கழிவுநீர் வீடுகளுக்குள் பாய்ந்தது. காட்டுமன்னார்கோயில் பக்கம் குருங்குடியில் 2020 செப்டம்பர் 4 அன்று நாட்டு வெடி தயாரிக்கும் இடத்தில் இறந்தவர்கள் எல்லோரும் பெண்கள்.

படிப்பில்லாதவர்களுக்கு இதெல்லாம் புரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதே. அதைப் பொய்யாக்கியதே உன் ஊர்தான். 2004இல் சிப்காட்டைச் சுற்றியுள்ள கிராமத்து மக்கள், காற்றில் வருகிற நாற்றத்தை வகை பிரித்து, நேரமும் திசையும் போட்டுக் குறிப்பெழுதப் பயிற்சி பெற்றார்கள். அழுகிய முட்டை, நகச்சாயம், அழுகிய முட்டைக்கோசு என்று அவர்களே அடையாளம் வைத்துக்கொண்டார்கள். வாளிக்குள் பொருத்திய பையில் காற்றைப் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். 22 ரசாயனங்கள் இருப்பது தெரிந்தது; அவற்றில் 8 புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை. விவசாயிகளும் மீனவர்களும் கற்றுக்கொண்டு செய்த வேலை இது. என் பார்வையில், இந்தத் துறையில் தமிழ்நாட்டில் நடந்த மிகச் சிறந்த பயிற்சி இதுதான்.

அடுத்ததாக அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியது, வாயு கசிந்தால் எந்தப் பக்கம் போவது என்பதை. 2023 டிசம்பர் 26 இரவு, எண்ணூரில் கப்பலிலிருந்து அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் கசிந்தபோது, பெரியகுப்பத்து மக்கள் மூச்சுத் திணறி எழுந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு கிடைத்த வழியில் ஓடினார்கள். நம் கடலூர்க் கரையிலும் ஒரு பெரியகுப்பம் இருக்கிறது. சிப்காட்டுக்கும் கப்பலில் ரசாயனம் வந்து குழாய் வழியாக இறங்குகிறது. வாயு கசிந்தால் காற்று போகிற திசையில் ஓடக் கூடாது. காற்றுக்குக் குறுக்கே நடந்து விலகி, பிறகு காற்று வருகிற பக்கம் போக வேண்டும். குளோரினும் சமையல் எரிவாயுவும் காற்றைவிடக் கனம், பள்ளத்திலும் சாக்கடையிலும் தேங்கும். அதனால் மேட்டைத் தேட வேண்டும். பகலில் கடல்காற்று ஆலைப் புகையைச் சாலைப் பக்கம் தள்ளும், இரவில் நிலக்காற்று உப்பனாற்றுப் பக்கம் தள்ளும். வாடையும் கொண்டலும் கச்சானும் எப்போது திரும்பும் என்று அறிந்த மீனவப் பெரியவர்களுக்கு இதைப் புரியவைக்க ஒரு மாலைப்பொழுது போதும். தெரிந்தால் என்ன மாறும் என்று கேட்பாய். 2024 டிசம்பர் 20 அன்று ஜெய்ப்பூரில் எரிவாயு டேங்கர் மோதலில் 20 பேர் அளவில் இறந்தார்கள். இரண்டு வாரம் கழித்து, 2025 ஜனவரி 3 அன்று, கோவை அவிநாசி சாலை மேம்பாலத்தில் 18 டன் எரிவாயுவோடு ஒரு டேங்கர் கழன்று விழுந்து கசிந்தது. தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருந்தார்கள், போக்குவரத்தை நிறுத்தினார்கள், சுற்றிலும் உள்ள பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். ஓர் உயிரும் போகவில்லை.

போபால் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு 1987இல் திருத்திய தொழிற்சாலைச் சட்டத்தின் 41பி பிரிவு, ஆலையில் உள்ள ஆபத்துகளையும் அவற்றிலிருந்து தப்பும் வழிகளையும் தொழிலாளர்களுக்கும் சுற்றுவட்டார மக்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்று விதித்தது. தெரிவிப்பதென்றால் வாசலில் ஆங்கிலப் பலகை மாட்டுவது இல்லை. ஆலப்பாக்கத்து டீக்கடைக்காரரும் பள்ளிக்கூட ஆயாவும் படிக்கும்படி தமிழில் எழுதி, ஆண்டுக்கொருமுறை சைரன் ஒலித்து ஒத்திகை பார்ப்பது. இங்கே செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை நாடு முழுக்க எச்சரிக்கை ஒலியைச் சோதித்துப் பார்க்கிறார்கள். ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்குக்கூட அது என்னவென்று தெரியும்.

சித்தியைப் பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. வேலையை விட்டுவிடு என்றும் சொல்லவில்லை. சரியாகச் செய்தால் மதிப்பான வேலை அது. உன் முதலாளியிடம் மூன்று கேள். பயிற்சி வகுப்புக்கு டிரைவர் அண்ணனோடு உன்னையும் அனுப்பச் சொல். முகக்கவசமும் ஏப்ரனும் கையுறையும் உனக்கென்று தனியாக, உன் அளவுக்கு வாங்கித் தரச் சொல். வண்டியில் இருக்கும் அவசர அட்டையை உனக்கும் காட்டச் சொல். அட்டை ஆங்கிலத்தில் இருந்தால் இரண்டு பக்கமும் தெளிவாகப் படமெடுத்து எனக்கு அனுப்பு. தமிழில் எழுதி அனுப்புகிறேன். அச்செடுத்து இருக்கைக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு, டிரைவர் அண்ணனிடமும் ஒரு பிரதி கொடு.

அன்புடன்,
அக்கா