1116 என்றால் எந்த வருடம்?

மேசை வாசற்கதவை ஒட்டிய மூலையில் கிடைத்திருந்தது. அதுவும் அரை மேசைதான். மறுபாதியில் ஒருவர் தபால்தலை ஆல்பங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நாகர்கோவிலிலிருந்து விடியற்காலை ரயிலில் வந்த இளைஞர் பையிலிருந்து கருநீல வெல்வெட் துணியை எடுத்து விரித்து, சுருக்கத்தை உள்ளங்கையால் நீவினார். பன்னிரண்டு வருடமாகப் பழைய காசு சேர்ப்பவர். விற்பதற்காக உட்காருவது இதுவே முதல் தடவை. அன்று முழுவதும் பக்கத்தில் இருக்கட்டுமா என்று கேட்டேன். "வாங்க அண்ணாச்சி, நான் சாப்பிடப் போகும்போது தட்டைப் பாத்துக்க ஆள் வேணும்" என்றார்.

திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டையிலிருந்து நடந்து போகும் தூரத்தில், நாணயக் கண்காட்சி நடந்த அந்த மண்டபம். ஆ. மாதவன் கடை வைத்திருந்து கதை எழுதிய சாலைத் தெருவைத் தாண்டித்தான் போனேன். நாங்கள் குமரி மாவட்டத்துக்காரர்கள். 1956 நவம்பர் 1 வரை இந்த ஊர்தான் எங்களுக்குத் தலைநகரம். என் பாட்டி கடைசிவரை சில்லறையைச் 'சக்கரம்' என்றே சொன்னாள். அதனால் நாணயக் கண்காட்சி எங்கே நடந்தாலும் சங்கு பொறித்த திருவிதாங்கூர் காசைத்தான் என் கண் முதலில் தேடும்.

கதவு திறப்பது பத்து மணிக்கு. வியாபாரம் எட்டரைக்கே தொடங்கிவிட்டது. பொதுமக்கள் வரும் முன்பே டீலர்கள் ஒருவர் மேசையை ஒருவர் சுற்றி வருவார்கள். நல்ல சரக்கு பாதி அந்த ஒன்றரை மணி நேரத்தில் கைமாறிவிடும். நம் இளைஞரிடமும் இரண்டு பேர் வந்தார்கள். அவர் ஆசையாக எடுத்து வைத்திருந்த ஐந்தாறு காசுகளை ஒரே விலைக்குக் கேட்டார்கள். அவர் தயங்கினார். பக்கத்து மேசைப் பெரியவர், கொல்லம் பக்கத்துக்காரர், நாற்பது வருடமாக இதே தொழில், கண்ணாலேயே வேண்டாம் என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "முதல் மணி நேரத்தில் விற்காதே, பார். மற்றவர் எதைத் தேடுகிறார் என்று தெரிந்த பிறகு விற்கலாம்."

விலையை எழுதி வை என்று அவர் சொல்லித் தந்த இன்னொன்று உடனே பலித்தது. இளைஞர் அட்டைகளில் காசின் பெயரையும் வருடத்தையும் அழகாக எழுதியிருந்தார், விலையை மட்டும் எழுதவில்லை. கேட்டால் சொல்லலாம் என்று நினைத்திருக்கிறார். புதிதாக வருகிறவர் கேட்க மாட்டார். விலை தெரியாத பொருளைக் கையில் எடுக்கவே கூச்சப்படுவார். பதினொரு மணிக்கு உட்கார்ந்து எல்லாவற்றிலும் பென்சிலால் விலை எழுதினோம். அதற்குப் பிறகுதான் கைகள் நீண்டன. எதை எடுத்தாலும் பத்து ரூபாய் என்று வைத்திருந்த டப்பாவில் பள்ளிப் பிள்ளைகள் வளைகுடாக் காசுகளையும் இலங்கைக் காசுகளையும் அள்ளி அள்ளிப் பார்த்தார்கள். மாமா கத்தாரில் இருக்கிறார் என்று ஒரு சிறுமி அந்த நாட்டுக் காசு ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்தாள்.

நமது ரூபாய்க் காசின் வருடத்துக்குக் கீழே புள்ளி இருந்தால் நொய்டா, நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், வைர வடிவம் இருந்தால் மும்பை, ஒன்றும் இல்லாவிட்டால் கொல்கத்தா. இதை இளைஞர் அன்று இருபது தடவையாவது சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் கேட்டவர் தன் சட்டைப்பையிலிருந்து ஒரு காசை எடுத்து உற்றுப் பார்த்தார். அந்த முகங்களைப் பார்க்கவே நான் நாள் முழுதும் நின்றிருப்பேன்.

விற்பதை விடக் கடினமான வேலை, கொண்டுவந்து காட்டுகிறவர்களுக்குப் பதில் சொல்வது. வைஷ்ணோ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய்க் காசுக்கு லட்சக்கணக்கில் கிடைக்கும் என்று நம்பி ஒரு ஆட்டோ ஓட்டுநர் வந்தார். 1818 என்றும் கிழக்கிந்தியக் கம்பெனி என்றும் பொறித்து, ராமர் பட்டாபிஷேகம் போட்ட செப்பு வில்லையைப் பட்டுத்துணியில் சுற்றி ஒரு அம்மா கொண்டுவந்தார். கம்பெனி அப்படி ஒரு காசு அடிக்கவே இல்லை. அது பிற்காலத்தில் செய்து விற்றது. இன்னொருவர் வெள்ளிக் காசு ஒன்றைப் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்துக் கொண்டுவந்திருந்தார். அதன் மேல் படிந்திருந்த கருமைதான் அதன் வயதுக்குச் சாட்சி. தேய்த்ததோடு விலையில் பெரும்பங்கு போய்விட்டது. காசைத் தேய்க்காதீர்கள் என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்ல வேண்டும் போலிருந்தது எனக்கு. பழைய காசை வாங்குவதாக ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிக் கமிஷன் பிடுங்குகிறவர்களை நம்ப வேண்டாம் என்று 2021இல் அந்த வங்கியே அறிவித்தது. ஆனாலும் பழைய காசுக்கு லட்சங்கள் கிடைக்கும் என்று சொல்லும் காணொளிகள் ஓய்ந்தபாடில்லை. ஆட்டோக்காரரிடம் "இது இப்பவும் அஞ்சு ரூபாதான் அண்ணே" என்று சொல்லும்போது இளைஞரின் குரல் உள்ளே போய்விட்டது.

மேசையின் ஓரத்தில் ஒரு தீப்பெட்டி இருந்தது. அதில் அவருடைய ஆச்சி விட்டுப்போன வெள்ளிச் சக்கரங்கள். ஒவ்வொன்றும் மிளகைத் தட்டித் தட்டையாக்கியதுபோல. எடை அரை கிராமுக்கும் குறைவு. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் சர்க்கார் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய்க்கு மட்டும் 28½ சக்கரம். எல்லையிலிருந்த ஆரல்வாய்மொழி தாண்டிச் சரக்கு கொண்டுபோன வியாபாரி இந்த அரைச் சக்கரத்தையும் கணக்கில் வைத்திருக்க வேண்டும். இவ்வளவு பொடிக் காசை விரலால் எண்ண முடியாது. அதற்கென்றே சக்கரப் பலகை இருந்தது. பலகை முழுதும் சின்னச் சின்னக் குழிகள். காசைக் கொட்டிக் குலுக்கினால் குழிக்கு ஒன்றாக விழும். மிச்சத்தை வழித்துவிட்டால் எண்ணிக்கை முடிந்தது. இதையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல மேசையைச் சுற்றி ஆள் கூடிவிட்டது. விலை கேட்டார்கள். "இது வெறுமே காட்டுறதுக்கு" என்று தீப்பெட்டியை மூடினார். நூறு வருடம் கடந்த காசு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதை வியாபாரமாக விற்க உரிமம் வேண்டும். அவரிடம் இன்னும் உரிமம் இல்லை.

இந்தத் தொழிலைப் பழைய இரும்பு வியாபாரம்போல நினைப்பவர்கள் உண்டு. அவர்களிடம் நான் இரா. கிருஷ்ணமூர்த்தியைச் சொல்வேன். இதே திருவனந்தபுரத்தில் 1951இல் தொடங்கிய தினமலர் நாளிதழின் ஆசிரியராக இருந்தவர். 1980களில் மொத்தமாக வாங்கிய பழங்காசுகளைச் சுத்தம் செய்து பார்த்தபோது ஒன்றில் தமிழ்-பிராமியில் 'பெருவழுதி' என்று படித்தார். சங்க காலப் பாண்டியன் தன் பெயரைப் போட்டுக் காசு அடித்தான் என்பதற்கு அது சான்றானது. விற்றவருக்கு அது எடைக்குப் போட்ட செம்பு. படிக்கத் தெரிந்த கண்ணுக்கு வரும்வரை காசு பேசுவதில்லை.

மூன்று மணி இருக்கும். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் கைக்குட்டையை அவிழ்த்து ஒரு வெள்ளி அரை ரூபாயை வைத்தார். சங்கு இருந்தது. 1116 என்ற எண் இருந்தது. தொள்ளாயிரம் வருடப் பழசு, என்ன கொடுப்பீர்கள் என்று மலையாளத்தில் கேட்டார். இளைஞர் இது கொல்லம் ஆண்டு, மலையாள ஆண்டுக் கணக்கு என்று விளக்கத் தொடங்கினார், அவருக்குப் பிடிபடவில்லை. காசை மட்டம் தட்டி வாங்கப் பார்க்கிறார்கள் என்ற சந்தேகம் முகத்தில் தெரிந்தது. அப்போது பக்கத்து மேசைப் பெரியவர் எழுந்து வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்று வீட்டில் சொல்வார்களே, அது எந்தத் தொண்ணூற்றொன்பது?"

வந்தவர் யோசித்தார். அந்த வெள்ளத்தைக் கேள்விப்படாதவர் கேரளத்தில் இருக்க முடியாது. ஊரெல்லாம் மூழ்கிய அந்தக் கர்க்கடக மாதம் கொல்லம் 1099, அதாவது 1924 ஜூலை. "அதற்குப் பதினேழு வருடம் கழித்துத்தான் இந்தக் காசு" என்றார் பெரியவர். சித்திரைத் திருநாள் மகாராஜா காலம். வந்தவர் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் முடிந்துகொண்டு போனார். மற்ற மேசைகளில் அவர் காட்டிக்கொண்டே போவது தெரிந்தது.

கடை கட்டும் நேரத்தில் திரும்பி வந்தார். காசை வெல்வெட் துணிமேல் வைத்தார். கூடவே கைப்பேசியில் ஒரு படம்: வீட்டுப் பெட்டியில் இருக்கும் நிலப் பத்திரம். அதில் 1098 மீனம் என்று இருந்தது. "அப்படியானால் இது?"

இளைஞர் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். சிங்க மாதத்திலிருந்து தனு மாதம் பாதிவரை 824 கூட்டணும், அதுக்கப்புறம் கர்க்கடகம்வரை 825. மீனம் என்பதால் 1923. அவர் அந்தத் தாளைக் கிழித்துத் தரச் சொல்லிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். காசுக்கு விலை பேசியது இரண்டு நிமிடம்கூட இல்லை.

இளைஞர் அதைப் புது அட்டையில் வைத்து மூடி, பென்சிலால் 1116 என்று எழுதினார். கீழே 1940–41. விலைக்கான இடம் காலியாக இருந்தது. "காலைல சொன்னது ஞாபகம் இருக்கா?" என்றேன்.

"இருக்கு அண்ணாச்சி. இதுல வெள்ளி எவ்வளவு கலந்திருக்குன்னு பாத்துட்டு நாளைக்கு எழுதுறேன்."