உம்மாவின் அறைக்கு ஒரு தரை

உளூச் செய்துவிட்டுக் குழாயடியிலிருந்து தொழும் அறைக்கு நடந்து வருபவரின் பாதங்களை நீங்கள் என்றேனும் கவனித்ததுண்டா? ஈரம் சொட்டச் சொட்ட ஏழெட்டுச் சுவடுகள் தரையில் பதிந்திருக்கும். ஆறு பேர் வாழும் இல்லத்தில் நாளொன்றுக்கு முப்பது தடவை அந்த ஈரம் ஒரே வழியில் வந்து போகிறது. வீட்டுக்குத் தரை தேர்ந்தெடுப்பவர் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியது இந்தச் சுவடுகளையே என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு சுபுஹு வேளையில் என் உம்மா ஈரக் காலோடு வந்து, பளபளக்கும் டைல்ஸ் தரையில் வழுக்கி விழுந்தார்கள். இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சைக்குப் பின் கைத்தடி ஊன்றி நடக்கிறார்கள். வளைகுடாவில் வெயிலில் நின்று உழைக்கும் என் தம்பி தொலைபேசியில், "காக்கா, உம்மா அறைக்கு லாமினேட் மரத்தளம் போட்டுவிடுங்கள். இங்கே பல வீடுகளில் அதுதான். காலுக்கு இதமாக இருக்கும்" என்றான். மறுவாரமே பணமும் வந்து சேர்ந்தது.

நானோ கல்லூரியில் வரலாறு படித்துவிட்டு மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பவன். தரையைப் பற்றி எனக்கென்ன தெரியும்? கடைக்காரர் மாதிரிப் பலகையின் மேல் ஒரு தம்ளர் தண்ணீரை ஊற்றித் துடைத்துக் காட்டி, "பார்த்தீர்களா ஹஜரத், ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை" என்றார். நம்பிவிட்டேன். பெட்டியின் மேல் ஏ.சி.3 என்று அச்சிட்டிருந்தது. குளிர்சாதன அறைக்கு உரியது போலும் என்றெண்ணி, "எங்கள் வீட்டில் மின்விசிறிதானே இருக்கிறது" என்றேன். அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் ஒலிக்கிறது!

தேக்கு நிறப் பலகைகள் ஒரே நாளில் உம்மாவின் அறையிலும் குழாயடிக்குச் செல்லும் நடையிலும் விரிந்தன. அண்டை வீட்டார் வந்து பார்த்து வியந்தனர். ஐப்பசி மழை முடிவதற்குள் நடையிலிருந்த பலகைகளின் இணைப்புகள் உப்பி, விளிம்புகள் மேலெழுந்துவிட்டன. ஒரு மாலை உம்மாவின் கைத்தடி நுனி அந்த விளிம்பில் தட்டியது. நிலைப்படியைப் பற்றிக்கொண்டதால், அல்லாஹ்வின் அருளால் விழவில்லை. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

பொருள் இன்னதென்று அதன் பிறகே விசாரித்தேன். வாங்குமுன் செய்திருக்க வேண்டிய வேலை. 1977-இல் சுவீடன் நாட்டின் பெர்ஸ்டார்ப் நிறுவனம் உருவாக்கியது இந்த லாமினேட் தரை. மரத்தின் புகைப்படம் அச்சிட்ட ஒரு காகிதமே நாம் கண்டு மயங்கும் தேக்கு. அதன் மேல் மெலமின் பிசினும் அலுமினியம் ஆக்சைடும் கலந்த கண்ணாடி போன்ற பூச்சு. உப்புத்தாளில் இருக்கும் அதே கடினப் பொருள்தான் அது. ஆகவே எளிதில் தேயாது. நடுவிலோ மரநாரைப் பிசினுடன் சேர்த்து இறுக்கி அழுத்திய பலகை. மேலே ஊற்றிய தண்ணீர் உள்ளே இறங்காதது உண்மைதான். ஆனால் இரு பலகைகள் சேரும் இடுக்கில் தேங்கும் தண்ணீரை அந்த மரநார் உறிஞ்சும், உறிஞ்சினால் வீங்கும், உலர்ந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. நம் பெண்கள் நாள்தோறும் வாளித் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைப்பதும் இதற்கு ஆகாது. நன்றாகப் பிழிந்த துணிதான் வேண்டும்.

ஏ.சி. எண் தேய்மானத்தைத் தாங்கும் திறனைச் சொல்வது. வீட்டுக்கு 3 போதும். தண்ணீரைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்வதில்லை. பலகையைத் தண்ணீரில் 24 மணி நேரம் மூழ்க வைத்து, எவ்வளவு தடிக்கிறது என்று அளக்கும் சோதனை ஒன்று தனியே உண்டு. அந்த அளவைக் கேளுங்கள். கடைக்காரர் விழித்தால், ஒரு துண்டு வாங்கி வந்து வெட்டிய விளிம்பு நனையும்படி ஒரு பாத்திரத் தண்ணீரில் இரவு முழுவதும் நிறுத்தி வையுங்கள். பிசினிலிருந்து ஃபார்மால்டிஹைடு வாயு கசியக்கூடும் என்பதால் இ1 தரமா என்றும் கேளுங்கள். பதிக்கும் முன் பெட்டிகள் அந்த அறையிலேயே இரண்டு நாட்கள் இருக்கட்டும். சுவரோரம் எட்டுப் பத்து மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். காற்றின் ஈரத்துக்கேற்பத் தளம் விரிந்து சுருங்கும். எங்கள் வீட்டில் அதையும் விடவில்லை.

ஈரம் படும் இடத்தில் மரத்தோற்றமே வேண்டுமென்பவர்களுக்குக் கல்மாவும் பி.வி.சி.யும் கலந்து செய்யும் எஸ்.பி.சி. பலகைகள் உள்ளன. அவை வீங்குவதில்லை. எதுவானாலும் ஈரக் காலை வைத்துப் பார்த்தே வாங்குங்கள். நனைந்தால் லாமினேட்டும் வழுக்கவே செய்யும்.

தம்பியிடம் இதைச் சொல்ல எனக்குப் பத்து நாட்கள் ஆயின. கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாதிருந்தான். பிறகு, "உம்மா விழவில்லையே, காக்கா?" என்று மட்டும் கேட்டான்.

இப்போது உம்மாவின் அறையிலும் நடையிலும் சொரசொரப்பான, மங்கல் நிற டைல்ஸ் பதித்திருக்கிறோம். குழாயடியில் ஒரு தடித்த கால்மிதி கிடக்கிறது. பசை இடாமல் கொக்கி போல் மாட்டியிருந்த பலகைகள் என்பதால் கழற்றுவது எளிதாயிற்று. வீங்கியவற்றை ஒதுக்கிவிட்டு, எஞ்சியவற்றைத் தண்ணீர் புழங்காத மாடி அறையில் விரித்தோம். உம்மாவால் மாடி ஏற முடியாது. தம்பி விடுமுறையில் வரும்போது அந்த அறையில்தான் படுப்பான்.