காவிரிக்குள் இறங்கும் டிடெக்டர்: சில குறிப்புகள்

காவிரி நல்ல தண்ணீர். மெட்டல் டிடெக்டரை ஆற்றில் இறக்க நினைப்பவர்கள் முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டியது இதைத்தான். கடல் நீர் உப்பினால் மின்சாரத்தைக் கடத்தும். சாதாரண டிடெக்டர் அந்த நீரையே உலோகம் என்று எடுத்துக்கொண்டு ஓயாமல் கத்தும். ராமேசுவரம் அக்னி தீர்த்தத்தில் இறங்குவதென்றால் பல்ஸ் இண்டக்‌ஷன் வகைதான் சரிப்பட்டு வரும். திருச்சி அம்மாமண்டபத்துக்கு அவ்வளவு வேண்டாம். சில கிலோஹெர்ட்ஸில் ஓடும் விலை குறைந்த சீனக் கருவியே போதும். ஆற்று நீர் இருப்பதும் இல்லாததும் அதற்கு ஒன்றுதான். தொல்லை கொடுப்பது மணலில் வரிவரியாகப் படிந்திருக்கும் கருமணல். அதில் இரும்புத் தாது உண்டு. சென்சிட்டிவிட்டியைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் அடங்கும்.

*

எதற்கு இந்த வேலை என்று எங்கள் புத்தூரில் கேட்காதவர் இல்லை. ஆடிப்பெருக்கன்று அம்மாமண்டபம் படித்துறையில் நின்று பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள். புதுத் தாலிக்கயிறு மாற்றும் பெண்கள், குழந்தையைத் தூக்கி முக்கி எடுக்கும் பாட்டிகள், சோப்பு நுரையோடு கை கழுவுகிறவர்கள். அந்த நெரிசலில் மோதிரம் நழுவினால் அதோடு சரி. வீட்டுக்காரர் நாலு தடவை முங்கிப் பார்ப்பார், பிறகு எல்லாரும் ஈரத்துணியோடு பஸ் ஏறுவார்கள். நழுவிய இடம் தெரியும், ஆழம் இடுப்பளவுதான், பொருள் மணலுக்குள் ஒரு சாண் கீழே கிடக்கிறது. இதை எடுத்துக் கொடுக்க ஒரு கருவி இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

*

படித்துறையில் ஸ்பீக்கர் காந்தத்தை நைலான் கயிற்றில் கட்டி வீசி இழுப்பவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். "எவர்சில்வர் காசு மட்டுந்தாண்ணே ஒட்டும். பழைய காசு, பித்தளை, வெள்ளி எல்லாம் கீழயே கெடக்கும்" என்றார். சரியான கணிப்பு. 1990-களிலிருந்து வரும் ஒரு ரூபாய்க் காசுகள் காந்தத்தில் ஒட்டும் ரக எஃகு. அதற்கு முந்தைய செம்பு-நிக்கல் காசும், அலுமினியப் பைசாவும் ஒட்டாது. டிடெக்டரில் கதை தலைகீழ். ஆணியும் கம்பியும் வேண்டாம் என்று டிஸ்கிரிமினேஷனை ஏற்றி வைத்தால், அவருடைய எஃகுக் காசும் பெரும்பாலும் இரும்புக் கணக்கில் ஒதுங்கிவிடும். அவர் பிழைப்பில் இந்தக் கருவி குறுக்கிடாது என்பது எனக்கு நிம்மதி.

*

டிடெக்டரைப் பிரித்துப் பார்த்தால் வேலை எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிடுகிறது. இந்தக் கருவிகளில் கீழே உள்ள காயில் பெரும்பாலும் நீர் புகாமல் மூடப்பட்டேதான் வருகிறது. அதைத் திறக்கவே கூடாது. உள்ளே இரண்டு சுற்றுகள்: ஒன்று அனுப்பும், ஒன்று வாங்கும். உலோகம் எதுவும் இல்லாதபோது வாங்கும் சுற்றில் ஏறக்குறைய ஒன்றுமே வராதபடி இரண்டையும் நகர்த்தி நகர்த்திச் சமன் செய்து ஒட்டியிருப்பார்கள். ஒரு மில்லிமீட்டர் அசைந்தால் போயிற்று. காயிலுக்கு நான் செய்தது, கேபிள் நுழையும் இடத்தில் அரால்டைட் வைத்தது மட்டுமே. கேபிளையும் வெட்டி நீட்டக்கூடாது. அதன் நீளமும் சமனில் சேர்த்தி.

அப்படியானால் வேலை, எலெக்ட்ரானிக்ஸ் இருக்கும் பெட்டியில்தான். இடுப்பளவு நீரில் பெட்டி மேலேதானே இருக்கும் என்று தோன்றும். பாசிப் படியில் ஒரு கால் வழுக்கினால் ஆள், பெட்டி எல்லாம் உள்ளே.

*

பெட்டிக்குக் கணக்கு. ஒரு மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் கூடுதலாக 100 கிராம் அழுத்தும். 15-க்கு 10 சென்டிமீட்டர் மூடி என்றால் மொத்தம் 15 கிலோ. கெட்டியான மூடியும் ரப்பர் வாஷரும் இதைத் தாங்கும். பெட்டியைக் கெடுப்பது வேறு. சித்திரை வெயிலில் 40 டிகிரியில் மூடிய பெட்டியை 28 டிகிரித் தண்ணீரில் போட்டால் உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்குகிறது. அழுத்தம் 4 சதவீதம் குறையும். அது ஏறக்குறைய ஒரு முழ ஆழத்து நீரின் அழுத்தத்துக்குச் சமம். முழங்கால் நீரிலேயே பெட்டி தண்ணீரை உறிஞ்ச இது போதும். கறுப்புப் பெட்டியை மணலில் வெயில் பட வைத்திருந்தால் இன்னும் மோசம். ஆகவே நிழலில் ஆறவைத்து, ஈரத்துண்டு சுற்றி, கடைசியில் மூட வேண்டும். உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம்.

*

குமிழ்கள்தான் ஓட்டை. திருகும் தண்டு எங்கே வெளியே வருகிறதோ அங்கே நீர் உள்ளே போகும். டிஸ்கிரிமினேஷனையும் சென்சிட்டிவிட்டியையும் உள்ளேயே ஒரு நிலையில் நிறுத்திவிட்டேன். ஆன்-ஆஃபுக்கு ரீட் சுவிட்ச்: கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு மெல்லிய தகடுகள், வெளியிலிருந்து சின்னக் காந்தத்தைக் கொண்டுவந்தால் ஒட்டிக்கொள்ளும். பெட்டியில் துளையே வேண்டாம். இந்தச் சின்னப் பொருள்மீது எனக்கு அளவுகடந்த மரியாதை.

ஸ்பீக்கரை எடுத்துவிட்டேன். அதன் காகிதக் கூம்புக்குக் காற்று வழி வேண்டும், அந்த வழியில் நீரும் வரும். பழைய செல்போனின் வைப்ரேஷன் மோட்டாரை ஒரு டிரான்சிஸ்டரோடு சேர்த்துப் பெட்டியின் சுவரில் ஒட்டினேன். உலோகம் தட்டுப்பட்டால் கைப்பிடி அதிரும். படித்துறை இரைச்சலில் காதைவிடக் கை நம்பகமானது.

சிலிக்கான் வாங்கும்போது மோந்து பார்க்க வேண்டும். காடி வாடை அடிக்கும் ரகம் காயும்போது அசெட்டிக் அமிலம் விடும், மூடிய பெட்டிக்குள் செம்பையும் ஈயப் பற்றையும் பச்சை பிடிக்க வைக்கும். நியூட்ரல் என்று போட்டிருப்பதே வேண்டும்.

*

எலெக்ட்ரானிக்ஸை ஏற்றுமுன் காலிப் பெட்டிக்குள் டிஷ்யூ பேப்பர் வைத்து, கல்லைக் கட்டி, தண்ணீர் டிரம்மில் இரவு முழுக்க. பேப்பரில் ஒரு புள்ளி ஈரம் தெரிந்தாலும் மறுபடி வாஷர் மாற்ற வேண்டும். உய்யக்கொண்டான் வாய்க்கால் வீட்டுக்கு அருகில்தான், குழுமாயி அம்மன் கோயில் பக்கம். ராஜராஜன் காலத்து வாய்க்கால், இன்று சாக்கடை கலந்து ஓடுகிறது. அங்கே காயிலை நீட்டினால் கம்பி, பாட்டில் மூடி, ஆணி என்று ஓயாது. சோதனைக்கு டிரம்மே உத்தமம்.

*

ஆற்றில் பழங்காசு கிடைத்தால்? கரூரில் அமராவதி மணலைச் சலித்துச் சலித்தே சங்ககாலச் சேரர் காசுகளும் ரோமானியக் காசுகளும் வெளியே வந்தன. நாணயவியல் ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி அவற்றைச் சேகரித்துப் படித்ததால் ஒரு வரலாறே நமக்குக் கிடைத்தது. ஆனால் எந்தக் காசு எந்த அடுக்கில், எதனோடு கிடந்தது என்பது சலித்த கையோடு கரைந்துபோனது. அந்த இழப்பு எனக்கு உறுத்துகிறது. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பழையது என்று பட்டால் தோண்டுவதை அங்கேயே நிறுத்திவிட்டுத் தெரிவிப்பது என்று முடிவு செய்திருக்கிறேன்.

*

வாளி மணலில் வீட்டு நகைகளைப் புதைத்துப் பார்த்தேன். கல்யாண மோதிரம் நன்றாகச் சொல்கிறது. முழு வளையத்தில் மின்சாரம் சுற்றிவர இடமிருக்கிறது. மெட்டி தடுமாறுகிறது. நம் மெட்டிகளில் பலவும் விரலுக்கு ஏற்ப நெருக்கிக்கொள்ள வாய் திறந்தவை, வளையம் முழுமையாகாததால் சிக்னல் மெலிகிறது. கொலுசும் மெல்லிய சங்கிலியும் அதைவிடச் சிரமம். கண்ணி ஒவ்வொன்றும் தனித்தனிச் சிறு பொருளாகவே காயிலுக்குத் தெரிகிறது. பெண்கள் ஆற்றில் தவறவிடும் நகைகளில் இவைதானே அதிகம்? பெரிய காயில் ஆழம் பார்க்கும், சின்னதைத் தவறவிடும். ஒரு சாண் ஆழம் நமக்குப் போதும். ஆடிக்குள் உள்ளங்கையகல காயில் ஒன்று வாங்கி, கொலுசை வைத்தே அதைச் சோதிக்க வேண்டும்.