மேகத்துக்குள் 'நான்'

பைலட்டாக இருந்தவன் என்று தெரிந்ததும் அடி அண்ணாமலையில் என்னை எல்லோரும் கேட்கும் கேள்வி: ''மேகத்துக்குள்ள போனா வழி எப்படி சார் தெரியும்?''

1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டையோடு பறந்தபோது ரேடியோ கிடையாது. கண்தான் வழிகாட்டி. அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குத் தபாலைக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட்.

மேகத்திலும் இருட்டிலும் கண் உதவாது. காதுக்குள் இருக்கும் திரவம்தான் நமக்குச் சாய்வைச் சொல்கிறது. விமானம் மெல்ல மெல்லச் சாய்ந்தால் அது கண்டுகொள்ளாது. 'நேராத்தான் போறே' என்று சத்தியம் செய்யும்! அதனால் எங்களுக்குப் பாலபாடம்: உன்னை நம்பாதே, கருவியை நம்பு.

சரி, கருவியே பொய் சொன்னால்?

1978 ஜனவரி 1 இரவு, பம்பாயில் கிளம்பிய ஏர் இந்தியா ஜம்போ 'எம்பரர் அசோகா' 101 விநாடிகளில் கடலில் விழுந்தது. 213 பேரும் இறந்தார்கள். கேப்டன் முன்னால் சாய்வைக் காட்டும் கருவி பழுது. அதை நம்பவேண்டாம் என்று ஃப்ளைட் எஞ்சினியர் எச்சரித்தபோது நேரம் கடந்துவிட்டது.

இன்று காக்பிட்டில் ஜூனியராக இருந்தாலும் தப்பைக் கண்டால் உரக்கச் சொல்லவேண்டும், கேப்டன் காது கொடுத்துக் கேட்கவேண்டும் என்று தனியாகவே பயிற்சி தருகிறார்கள்.

'நான் யார்?' என்று கேட்கச் சொன்ன ரமணர் வாழ்ந்த ஊர் இது. வேதாந்தம் எனக்குத் தெரியாது. ஆனால், மேகத்துக்குள் 'நான்' சொல்வதை மட்டும் கேட்டால் ஆபத்து. அது தெரியும்.