சேஸிஸ்ல ஓட்டை போடாதே!

எங்க அப்பா நாமக்கல்ல லாரி பாடி கட்டுற பட்டறையில வேலை பார்த்தவர். நான் பொட்டி தட்டுறவன். ரெண்டு தொழிலுக்கும் சம்பந்தமே இல்லைன்னுதான் ரொம்ப நாளா நினைச்சிட்டு இருந்தேன். 2007ல ஒரு முட்டைக் கணக்கு அந்த நினைப்பை மாத்திடுச்சு.

உள்ளூர்ல ஒரு முட்டை வியாபாரிக்கு ஜாவால ஒரு வெப் அப்ளிகேஷன் செஞ்சு கொடுத்திருந்தேன். ஜேஎஸ்எஃப்னு ஒண்ணு, 2004ல வந்தது. டெக்ஸ்ட் பாக்ஸ், டேபிள், பட்டன் எல்லாம் ரெடிமேட் காம்பொனென்ட்டா கிடைக்கும். எடுத்து அடுக்கினா பக்கம் ரெடி. சிக்கல் எங்கன்னா, அந்த ரெடிமேட் சாமானுக்கு நாமக்கல் கணக்கு தெரியாது.

ஒரு அட்டைக்கு 30 முட்டை. ஏழு அட்டை சேர்ந்தா 210 முட்டை, ஒரு பெட்டி. உடைசல் கணக்கை அங்க இருந்த கணக்கர் "2-14"ன்னு எழுதுவார். ரெண்டு அட்டையும் 14 முட்டையும், ஆக 74. "அப்படியே டைப் பண்ற மாதிரி செஞ்சு குடுங்க தம்பி"ன்னார். நியாயமான ஆசைதானே?

நான் என்ன பண்ணேன் தெரியுமா? லைப்ரரியோட சோர்ஸை இறக்கி, எண்ணைப் படிக்கிற கிளாஸுக்குள்ளயே நாலு வரி எழுதி, புதுசா ஜார் கட்டி வெச்சுட்டேன். வேலை செஞ்சது. காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன் :-)

சில மாசம் கழிச்சு 1.2 வெர்ஷனுக்கு மாறினேன். பழைய ஜார் போச்சு, என் நாலு வரியும் அதோட போச்சு. எரர் வந்திருந்தா உடனே தெரிஞ்சிருக்கும். வரலை. ஏன்னா ஜாவாவோட நம்பர்ஃபார்மேட், தனக்குப் புரியிற வரைக்கும் படிச்சுட்டு மிச்சத்தை விட்டுடும். "2-14" குடுத்தா 2ன்னு எடுத்துக்கிட்டு கம்முனு இருக்கும். 74 உடைசல் வெறும் 2 ஆச்சு. கம்ப்யூட்டர் கணக்குல முட்டை இருக்கு, குடோன்ல இல்லை. ஒரே வாரத்துல நானூறு முட்டைக்கு மேல வித்தியாசம்.

முதலாளி யாரைச் சந்தேகப்படுவார்? கம்ப்யூட்டரையா? கணக்கரைத்தான் கூப்பிட்டு நிக்க வெச்சுக் கேட்டார். நான் போனப்ப அந்த மனுசன் நோட்டை விரிச்சு வெச்சுக்கிட்டு, "எண்ணிப் பார்த்துத்தானுங்க தம்பி எழுதினேன்"ன்னார். நோட்டுல எல்லாம் சரியா இருந்துச்சு. தப்பு என்னுதுன்னு முதலாளி முன்னாடியே சொன்னேன். ஆனா அவர் ரெண்டு நாள் தலை குனிஞ்சு நின்னது நின்னதுதானே?

அன்னிக்கு ராத்திரி அப்பாகிட்ட சொன்னேன். ஜாவா அவருக்குப் புரியலை, ஆனா விஷயம் புரிஞ்சிடுச்சு. "ஏன் கண்ணு, சேஸிஸ்ல போய் எதுக்கு ஓட்டை போட்டே?"

அப்பல்லாம் கம்பெனியிலிருந்து பல சேஸிஸ் எஞ்சினும் சக்கரமுமாத்தான் வந்துச்சு. கேபினும் பாடியும் பட்டறையில ஏறிச்சு. நீளச் சட்டத்தோட மேல் பட்டையிலயும் கீழ் பட்டையிலயும் துளை போடக்கூடாது, வெல்டிங் வைக்கக்கூடாது. அங்கதான் பாரத்தோட இழுவை அதிகம், பின்னால விரிசல் விடும். அதனால யு போல்ட் போட்டு இறுக்குவாங்க. பாடி உங்க இஷ்டம், சட்டம் அவங்களுது.

ஜேஎஸ்எஃப்லயும் யு போல்ட் மாட்ட இடம் விட்டுத்தான் வெச்சிருக்காங்க. நான்தான் பார்க்கலை. கன்வர்ட்டர்னு ஒரு இன்டர்ஃபேஸ், அதுல ரெண்டே மெத்தட். கெட்ஆஸ்ஆப்ஜெக்ட்ல "2-14" வந்தா உடைச்சு, 2ஐ 30ஆல பெருக்கி, 14ஐக் கூட்டி 74 தரணும். கெட்ஆஸ்ஸ்ட்ரிங்ல 74ஐ 30ஆல வகுத்து மறுபடி "2-14" ஆக்கணும். கோட்டுக்கு வலப்பக்கம் 30 அல்லது அதுக்கு மேல வந்தா கன்வர்ட்டர் எக்ஸெப்ஷன் வீசிடணும். கம்முனு இருக்கவே கூடாது. ஃபேசஸ்-கான்ஃபிக் ஃபைல்ல ஒரு பேர் குடுத்துப் பதிவு பண்ணி, வேணுங்கிற பெட்டிக்கு மட்டும் மாட்டினாப் போதும். 2009ல வந்த 2.0ல இருந்து கிளாஸ் தலையில ஒரு அனோட்டேஷன் போட்டாலே ஆச்சு. ஆனா இன்டிஜர் வகை முழுசுக்கும் பதிவு பண்ணிடாதீங்க மக்களே, லாரி ஓடின கிலோமீட்டரும் அட்டைக் கணக்காயிடும்!

எரர் மெசேஜும் அப்படித்தான். லைப்ரரியைத் தொட வேண்டாம். நம்ம ப்ராப்பர்ட்டீஸ் ஃபைல்ல அதே சாவிக்குத் தமிழ் வாசகம் எழுதி, மெசேஜ்-பண்டில்னு காட்டிட்டா நம்மளோடதுதான் வரும். அப்பல்லாம் தமிழை நேட்டிவ்2ஆஸ்கியில போட்டு மாத்தணும். 2017ல ஜாவா 9 வந்ததிலிருந்து யுடிஎஃப்-8லயே எழுதலாம்.

எல்லாத்தையும் மாத்திக் குடுத்தப்ப கணக்கர் ஒண்ணே ஒண்ணு கேட்டார். "நான் எழுதினதை அது என்னன்னு புரிஞ்சுக்கிச்சுன்னு பக்கத்துலயே காட்டச் சொல்லுங்க தம்பி." பெட்டிக்குப் பக்கத்துல "74 முட்டை"ன்னு வர வெச்சேன். அது நான் முதல் நாளே செஞ்சிருக்க வேண்டியது.

2020ல ஜாவாஎக்ஸ்ங்கிற பேரெல்லாம் ஜகார்த்தான்னு மாறினப்ப, என் கன்வர்ட்டர்ல நான் தொட்டது மேல இருக்கிற இம்போர்ட் வரிகளை மட்டும்தான். மாத்தி முடிச்சதும் முதல்ல டைப் பண்ணிப் பார்த்தது "2-14". பக்கத்துல 74 முட்டைன்னு வந்த பிறகுதான் எழுந்து டீ குடிக்கப் போனேன்.