இரட்டைக் கொம்பும் காலும்

மொழியியல் துறைகளின் சேவையகங்களில் கிடக்கும் நிரல்களுள் பெரும்பாலானவை ஒன்றைப் பார்த்து ஒன்று படியெடுக்கப்பட்டவை. திட்டப்பணிக்கு வந்த உதவியாளர் ஒருவர் தரவகத்துக்கான தேடல் பக்கத்தைப் பிஎச்பியில் எழுதுவார். அடுத்து வருபவர் அதே கோப்பை நகலெடுத்து, நடுவில் பத்து வரிகளை மாற்றிச் சொல்லெண்ணிக்கைப் பக்கமாக்குவார். மூன்றாமவர் அதிலிருந்து தொடரடைவுப் பக்கம் ஒன்றை உண்டாக்குவார். பிறகு நிதி முடிந்துவிடும். சுவடிப் பதிப்பில் பழகியவர்களுக்கு இந்நிலை புதிதன்று. மூல ஏட்டில் பிற்பாடு ஒரு பிழை திருத்தப்பட்டாலும், அதற்கு முன்பே பிரிந்துபோன படிகளுக்கு அத்திருத்தம் சென்று சேராது.

தமிழகத்துக்கு வெளியே உள்ள பல்கலைக்கழகம் ஒன்றில், அப்படிப்பட்ட ஆறு கோப்புகளை ஓர் ஆய்வு மாணவி மரபுரிமையாகப் பெற்றார். அவருடைய ஆய்வுப்பொருள் உடனிகழ்ச்சி உருபுகள்: ‘அன்போடு’ என்பதில் வரும் -ஓடு, ‘அன்புடன்’ என்பதில் வரும் -உடன். இவற்றின் வழக்கு காலந்தோறும் எவ்வாறு மாறியது என்பதே கேள்வி. எண்ணிக்கைப் பக்கம் தந்த விடை வியப்பூட்டியது. பழைய உரைநடை நூல்களில் -ஓடு அருகியும், அண்மைக்கால எழுத்துகளில் பெருகியும் காணப்பட்டது. எழுத்துவழக்கில் -ஓடு தேய்ந்து -உடன் வளர்ந்திருக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு இது தலைகீழான முடிவு. தலைகீழானது என்பதாலேயே கருத்தரங்குகளில் நன்றாக எடுபட்டது. ஓர் இயலே அதன்மேல் எழுந்தது.

ஐயத்தை உண்டாக்கியது ஒரு சிறு முரண். அதே தரவகத்தில் அதே வடிவத்தைத் தேடல் பக்கத்தில் இட்டால் கூடுதலான இடங்கள் வந்தன. (ஈரோடு, ரோடு போன்றவை உருபாக எண்ணப்படும் தொல்லை வேறு, அவற்றுக்கான விலக்குப் பட்டியல் இரண்டு பக்கங்களுக்கும் பொதுவாகவே இருந்தது.)

காரணம் ஒருங்குறியின் ஒரு பழைய ஏற்பாட்டில் இருந்தது. ‘போ’ என்னும் எழுத்தின் உயிர்க்குறியை இரண்டு வகையாகப் பதியலாம். ஓகாரக் குறிக்கென்றே உள்ள ஒற்றைக் குறியெண்ணை இடுவது ஒரு வகை; இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியாக அடுத்தடுத்து இடுவது மற்றொரு வகை. திரையில் இரண்டும் ஒன்றே. கணினியின் சரவரிசை ஒப்பீட்டுக்கு அவை வெவ்வேறானவை. அத்தரவகத்தின் பழைய நூல்கள், ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக் குறியீடுகளிலிருந்து மாற்றப்பட்டவை. அக்குறியீடுகளில் கொம்பும் காலும் எழுத்தின் இருபுறமும் தனித்தனியே நின்றன. மாற்றும் நிரல் அவற்றை இணைக்காமல் விட்டுவிட்டது. புதிய நூல்கள் நேரே ஒருங்குறியில் உள்ளிடப்பட்டவை. -உடன் என்பதன் உகரக் குறிக்கு இந்த இரட்டை நிலை கிடையாது. ஆகவே பழைய நூல்களில் -ஓடு மட்டுமே கண்ணில் படாமல் நழுவியது. வரலாற்று மாற்றம் என்று தோன்றியதில் பெரும்பகுதி எழுத்துரு மாற்றத்தின் தடமே.

தேடல் பக்கத்தை எழுதியவர் இதை எப்போதோ கண்டுபிடித்துத் தம் கோப்பில் சரிசெய்திருந்தார். எண்ணிக்கைப் பக்கமோ அதற்கு முன்பே பிரிந்துபோன படி.

இத்தகைய இடங்களில் எல்லாருக்கும் முதலில் தோன்றும் தீர்வு, ‘பொது’ என்று ஒரு கோப்பைத் திறந்து அனைத்தையும் அதில் கொட்டி, மற்றக் கோப்புகளில் இன்க்ளூட் செய்வது. அவரும் அங்கிருந்தே தொடங்கினார். அந்தக் கோப்பு தரவுத்தளத்தைத் திறந்தது. பக்கத்தின் தலைப்பை அச்சிட்டது. உலாவியிலிருந்து வந்த தேடுசொல்லைத் தானே எடுத்துக்கொண்டது. நடுவில் எழுத்துகளையும் சீர்செய்தது. இரவில் உலாவி இன்றிக் கட்டளை வரியில் ஓடும் எண்ணிக்கை நிரலுக்கு அதைப் பயன்படுத்த வழியில்லை. இன்க்ளூட் செய்த இடத்தின் மாறிகளோடு அதன் மாறிகளும் கலந்தன. ஒரே கோப்பு இருமுறை சேர்க்கப்பட்டபோது, செயற்கூறு முன்பே அறிவிக்கப்பட்டுவிட்டது என்று பிஎச்பி நின்றுபோனது. ஒரே இடத்தில் இருப்பதால் மட்டும் ஒரு நிரல் மறுபயன்பாட்டுக்குரிய கூறாகிவிடாது. பாத்திரங்களையும் புத்தகங்களையும் ஒரே பெட்டியில் அடைத்தாலும் வீடு மாற்றலாம், ஆனால் அதற்குப் பெயர் அலமாரி அன்று.

எதை எதிலிருந்து பிரிப்பது? மொழியியலாளருக்கு மிக அணுக்கமான ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டே கணிப்பொறியியல் இக்கேள்விக்கு விடை கண்டது. 1972 டிசம்பரில் டேவிட் பார்னஸ் வெளியிட்ட கட்டுரை, நிரலைக் கூறுகளாகப் பிரிப்பதற்கான அளவுகோலைப் பேசுகிறது. அவர் எடுத்துக்கொண்டது ஒரு தொடரடைவு: ஒவ்வொரு வரியின் முதற்சொல்லையும் கடைசிக்கு நகர்த்திச் சுழற்றி, கிடைக்கும் வரிகளை எல்லாம் அகரவரிசையில் அடுக்கித் தரும் அமைப்பு. உள்ளீடு, சுழற்சி, அடுக்கல், வெளியீடு எனச் செயல்நிகழும் வரிசைப்படி பிரிப்பது ஒரு முறை. அவ்வாறு பிரித்தால், தரவு சேமிக்கப்படும் முறை மாறும்போது எல்லாக் கூறுகளையும் திருத்த வேண்டிவரும். பார்னஸ் பரிந்துரைத்தது வேறு: பின்னால் மாறக்கூடிய முடிவுகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொரு முடிவையும் ஒரு கூறுக்குள் மறைத்துவை. இன்றைய நிரலாக்கப் பாடநூல்கள் பலவற்றைவிட அந்தச் சில பக்கங்கள் தெளிவானவை. மொழியியல் முதுகலை வகுப்பில் அதைப் பாடமாக வைக்கலாம்.

தமிழ்த் தொடரடைவுக்கு இந்த அளவுகோல் அப்படியே பொருந்துகிறது. அகரவரிசையையே எடுத்துக்கொள்வோர் அதை உடனே காணலாம். குறியெண் வரிசையில் னகரம் நகரத்துக்கு அடுத்தே நிற்கிறது. மரபிலோ அது மெய்களின் கடைசி. புள்ளியின் குறியெண் உயிர்க்குறிகளுக்குப் பின்னால் வருவதால், குறியெண்படி அடுக்கினால் ‘க்’ என்பது ‘கௌ’ வரிசைக்கும் பின்னால் போய்விடும். நீளமும் அவ்வாறே. ‘தமிழ்’ என்னும் சொல் யுடிஎஃப்-8 முறையில் 15 பைட், குறியெண் கணக்கில் 5, எழுத்துக் கணக்கில் 3. இவற்றில் எதை எண்ணுவது என்பது ஒரு முடிவு. ஆறு கோப்புகளில் அது ஆறு முறை எடுக்கப்பட்டிருந்தது.

அவர் இறுதியில் எழுதிய சீராக்கக் கூறு ஒரு திரையளவுதான். ஒரு சரத்தை வாங்கும். ஒரு சரத்தைத் திருப்பித் தரும். எதையும் அச்சிடாது, உலாவியையோ தரவுத்தளத்தையோ அறியாது. பெயர் மோதலைத் தவிர்க்க, 2009இல் பிஎச்பி 5.3 கொண்டுவந்த பெயர்வெளிக்குள் அது வைக்கப்பட்டது. சீராக்கத்துக்கான இன்ட்ல் நீட்சி துறையின் சேவையகத்தில் நிறுவப்படவில்லை. நிறுவும் உரிமை மாணவர்களுக்கு இல்லை. தமிழில் ஒருங்குறி இணைக்கச் சொல்வது நான்கே சேர்க்கைகளை: ஒகரக் குறி, ஓகாரக் குறி, ஔகாரக் குறி, ஔ என்னும் உயிர். அவற்றை அவர் கையாலேயே எழுதினார். பின்னொரு நாள் நீட்சி வந்தபோது அந்த நான்கு வரிகள் போய் ஒரு வரி வந்தது. அதை அழைத்த ஆறு கோப்புகளில் எதுவும் தொடப்படவில்லை.

நுட்பமான முடிவு இன்னொன்று. ‘கௌரவம்’ என்பதைப் பலர் கெகரமும் ளகரமுமாகத் தட்டச்சிடுகின்றனர். ஒருங்குறி விதி இதைத் திருத்தாது, ஏனெனில் இவை மெய்யாகவே வேறு எழுத்துகள். கண்மூடித் திருத்தினால் கெளுத்தி மீனும் கெட்டுப்போகும். நான்கு சேர்க்கைகளை இணைப்பது தரநிலையின் ஆணை. இந்த ளகரத்தைத் திருத்துவது ஆய்வாளரின் ஊகம். இரண்டையும் ஒரே செயற்கூறில் வைப்பது, மூலபாடத்தையும் பதிப்பாசிரியர் திருத்தத்தையும் அடைப்புக்குறி இன்றிக் கலந்து அச்சிடுவதற்குச் சமம். அவர் அதைத் தனிக் கூறாக்கினார். கேட்டால் மட்டுமே அது இயங்கும்; இயக்கினால் எந்தெந்தச் சொற்களை மாற்றியது என்று பதிவும் எழுதும்.

புதிய கணக்கில் இரு காலங்களுக்கும் இடையே இருந்த வேறுபாடு ஏறத்தாழ மறைந்தது. அந்த இயல் மீண்டும் எழுதப்பட்டது; ஒவ்வோர் அட்டவணையின் அடியிலும் கூறின் பதிப்பெண் இடம்பெற்றது. நெறியாளர் முதலில் அதைத் தேவையற்ற அலங்காரம் என்றார். பழைய கருத்தரங்கக் கட்டுரையின் எண்களும் புதிய எண்களும் ஏன் வேறுபடுகின்றன என்று புறத்தேர்வாளர் கேட்டபோது, அவரே அந்த அடிக்குறிப்பைச் சுட்டிக்காட்டினார்.

கோப்புகள் இப்போது ஒரு மலையாள ஆய்வாளரிடம் இருக்கின்றன. மலையாளத்தில் கொம்பும் காலும் உண்டு. கூடவே சில்லெழுத்துகள் என்னும் சிக்கலும் உண்டு. 2008இல் அவற்றுக்குத் தனிக் குறியெண்கள் வந்தன. அதற்கு முன் உள்ளிடப்பட்டவை மெய், சந்திரக்கலை, கண்ணுக்குத் தெரியாத இணைப்பான் என மூன்று குறியெண்களாகக் கிடக்கின்றன. அவர் கூறின் உள்ளே இருந்த தமிழ் விதிகளை நீக்கி மலையாள விதிகளை எழுதிக்கொண்டிருக்கிறார். தொடரடைவுப் பக்கத்தில் அவர் மாற்றியது, எந்தக் கூறை அழைப்பது என்னும் ஒரே வரி.